சுந்தரம்மாள் வீடு டிரெய்லர் ஏறிய வரலாறு

மனுசன் நிலாவுக்குப் போனதைப் பெரிய விசயமாகப் பேசுகிறவர்கள் யாரும் எங்க சுந்தரம்மாள் பெரியம்மா தன் வீட்டை டிரெய்லரில் ஏற்றியதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிலாவை விட்டிருப்பார்கள். சீனாக்காரன் சுவர் கட்டினான், எகிப்துக்காரன் கல்லை அடுக்கினான், எல்லாம் சரிதான். கட்டியதை எவனாவது அலாக்காகத் தூக்கி, கீழே டிரெய்லரை நுழைத்து, அகரத்திலிருந்து சேவுகம்பட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, போன கையோடு அதற்குள்ளேயே உலை வைத்திருக்கிறானா? பெரியம்மா வைத்தார். வழியில் ஒரு தம்ளர்கூட உடையவில்லை. எல்லாமே எவர்சில்வர் என்பது வேறு விசயம்.

வீடு என்றால் எட்டடி நீளம், ஆறடி அகலம். இரும்புச் சட்டம், வெளியே தகரம், உள்ளே பிளைவுட். ஒரு கட்டில், ரெண்டு பர்னர் அடுப்பு, இருநூறு லிட்டர் தண்ணித் தொட்டி, ஒரு இரும்பு பீரோ. முன்பக்கம் மேலே ஒரு பரண், லாரி டிரைவர் தலைக்கு மேல் தொப்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கதவு பின்பக்கம். இம்புட்டும் ஒரு மினி லாரியின் முதுகில் பதினாலு வருசமாக உட்கார்ந்திருந்தது. அவர் எனக்கு உறவெல்லாம் இல்லை. வேலை இல்லாத மாதங்களில் அந்த லாரி அகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கும். அந்த வகையில் பெரியம்மா.

பெரியம்மாவுக்குத் தொழில் காவல். பங்குனி பிறந்தால் சேவுகம்பட்டியில் ஒரு மாந்தோப்பு, காய் இறங்குகிற வரைக்கும் மூன்று மாதம். அது முடிந்தால் ரெட்டியார்சத்திரம் பக்கம் தக்காளி, சின்ன வெங்காயம். மற்ற காவல்காரர்களுக்குத் தோட்டக்காரர் கொட்டகை போட்டுத் தர வேண்டும், பாயும் லைட்டும் கொடுக்க வேண்டும், பாம்பு வந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். பெரியம்மாவுக்கு எதுவும் வேண்டாம். வீட்டோடு வருவார், வீட்டோடு போவார்.

இதை ஆரம்பித்தது அவர் வீட்டுக்காரர் சங்கிலி. அவர் மாங்காய் லோடு அடிக்கப் போனவர். லோடு ஏற லேட்டாகி, ஒரு ராத்திரி தோப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். லாரியில் படுத்தார். மழை வந்தது, தார்ப்பாய் கட்டினார். மறுவருசம் தார்ப்பாய் தகரமானது. அதற்கு மறுவருசம் கட்டில் வந்தது. கடைசியில் பெரியம்மா ஏறி அடுப்பை வைத்ததும் அது வீடாகிவிட்டது. ஆறு வருசத்துக்கு முன்னால் சங்கிலி பெரியப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். லாரி நின்றது. பெரியம்மா நாற்பத்தாறு வயசில் டிரைவிங் படித்து, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கி, லாரியை எடுத்தார். முன்னால் ஓட்டுவதில் சுமார்தான். பின்னால் ஓட்டுவதில் அவரை அடிக்க திண்டுக்கல்லில் ஆள் கிடையாது. சேவுகம்பட்டி தோப்புக்குள் போகிற பாதை இருநூறு எட்டு வைக்கிற தூரம், ரெண்டு பக்கமும் வாய்க்கால். அந்த நீளத்தையும் ரிவர்ஸிலேயே போவார். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

திருடனைப் பிடித்தால் பெரியம்மா அடிக்க மாட்டார், கத்த மாட்டார், ஊரைக் கூட்ட மாட்டார். உள்ளே உட்கார வைத்து டீ போட்டுக் கொடுப்பார். அவன் குடித்து முடித்ததும் "பேரு" என்பார். அப்புறம் "அப்பா பேரு" என்பார். வலப்பக்கச் சுவரில் தேதி போட்டு, பேர் போட்டு, எத்தனை காய் என்று பென்சிலால் எழுதுவார். மேலே பாதிச் சுவர் சங்கிலி பெரியப்பா கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து இருக்கும். கீழே பெரியம்மா கையெழுத்து, நிமிர்ந்து நிற்கும். தோப்புப் பக்கத்து ஊர்களில் போலீஸ் ஸ்டேஷனைவிட இந்தச் சுவருக்குத்தான் பயம். கல்யாணம் நிச்சயமான ஒருத்தன் பழத்தட்டோடு வந்து நின்றதை நானே பார்த்தேன்.

"யத்தே, எம் பேரை அழிச்சு விட்டுருங்க. பொண்ணு வீட்டுக்காரங்க இந்தத் தோப்புலதான் மாங்கா எடுக்குறாங்க. உள்ள வந்து பாத்துட்டாங்கன்னா?"

"நாலு ராத்திரி எங்கூடக் காவலுக்கு இரு. பாக்கலாம்."

அவன் நாலு ராத்திரி இருந்தான். பெரியம்மா பேரை அழிக்கவில்லை. பக்கத்தில் "நாலு ராத்திரி காவல் இருந்தான், நல்ல பையன்" என்று எழுதினார். பொண்ணு வீட்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கல்யாண நாள் குறித்தார்கள் என்று கேள்வி.

இந்த மாசியில் லாரி எஃப்.சி. சோதனைக்குப் போனது. பார்க்க வந்தவர் அடியில் குனிந்து சாசியை விரலால் குத்தினார். விரல் உள்ளே போனது. அவர் விரலை வெளியே எடுத்து, அதைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். லாரி காயலான் கடைக்குப் போனது. போவதற்கு முன்னால் செயின் கப்பி போட்டு வீட்டை மட்டும் தூக்கி, காலி மனையில் நாலு டிரம் மேல் நிறுத்தினார்கள். ஒரு மாசம் அப்படியே நின்றது. வீட்டுக்குக் கீழே ரெண்டு நாய் குடிவந்தது. பெரியம்மா ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்டூல் போட்டு இறங்கினார்.

அந்த நேரத்தில்தான் தோப்பு ஓனர் மகன் பிரபு போன் செய்தார். கோயம்புத்தூரில் படித்தவர், அப்பாவுக்கு முடியாமல் போனதும் தோப்பை அவர்தான் பார்க்கிறார். பெரியம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதால் மனைத் தெரு முழுக்கக் கேட்டது.

"யக்கா, காய் முத்த ஆரம்பிச்சிருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருவீங்களா? இல்லைன்னா சொல்லிருங்க, நான் கேமரா போட்டுக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"வந்துருவேன் தம்பி."

"லாரி இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

"லாரிதான தம்பி இல்ல. நான் இருக்கேன்ல."

போனை வைத்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தோப்பில் கேமரா ஏறிவிட்டால் மறுவருசம் ரெட்டியார்சத்திரம் தக்காளிக்காரரும் கேமரா வாங்குவார். அப்புறம் இந்த வீடு டிரம் மேலேயே நிற்கும், அவர் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதை அவர் சொல்லவில்லை. "கேமரா டீ போட்டுக் குடுக்குமா" என்று மட்டும் கேட்டார். நான், போடாது என்று சொன்னேன்.

தாடிக்கொம்பு ரோட்டில் மணிமாறன் அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. அவரிடம் பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்று கிடந்தது. ரெண்டு சக்கரம், முன்னால் டிராக்டரில் மாட்டுகிற நீட்டுக் கம்பி. அந்தக் கம்பியை எல்லாரும் மூக்கு என்பார்கள். வீட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அங்கேயும் நாலு டிரம்மில் நிறுத்தினோம். மணிமாறன் சுற்றிச் சுற்றி அளந்தார்.

"யக்கா, சிம்பிள். லாரில இருந்த மாதிரியே வச்சிருவோம். பரண் முன்னாடி, கதவு பின்னாடி."

"தோப்புக்குள்ள எப்படி நிக்கும்?"

"எப்படின்னா?"

"பாதை தெக்க இருந்து வடக்க போகுது. டிராக்டர் உள்ள போனா மூக்கு வடக்க பாக்கும். கதவு?"

மணிமாறன் கையை நீட்டித் திசை பார்த்தார். "தெக்க."

"தெக்கு வாசல்."

"ஆமாக்கா."

"அப்ப அந்த வீட்டுல நீயே படுத்துக்க அப்பு. நான் மரத்தடியில படுத்துக்கிறேன்."

இதுதான் ரிவர்ஸ் ரகசியம். லாரி இருந்தவரை பின்னாலேயே போய் நிறுத்துவார். அப்போது கதவு வடக்கே பார்க்கும். தெற்கு எமன் திசை என்று நம்புகிறவரிடம், வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறதே என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. நான் சொன்னேன். "சக்கரம் இருந்தா எமனுக்கு வழி தெரியாதா" என்றார்.

"டிரெய்லரையும் ரிவர்ஸ்ல விட்டுருவோம்," என்று அவரே முடிவு செய்தார். அகரத்துக் காத்தமுத்து அண்ணனின் டிராக்டர் வாடகைக்கு வந்திருந்தது. பெரியம்மா ஏறி உட்கார்ந்தார். காத்தமுத்து மட்கார்டில் தொற்றிக்கொண்டார். லாரியை ரிவர்ஸ் எடுப்பது வேறு, டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது வேறு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வால் வலப்பக்கம் போகும். பெரியம்மாவுக்கு ஆறு வருசப் பழக்கம் ஒரு பக்கம், டிரெய்லரின் குணம் இன்னொரு பக்கம். டிரெய்லர் கத்திரிக்கோல் மாதிரி மடங்கி, பட்டறையின் முள்வேலியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கொல்லையில் காயப்போட்டிருந்த மிளகாய் மேல் போய் நின்றது.

காத்தமுத்து இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். "இருநூறு எட்டு, ரெண்டு பக்கமும் வாய்க்கா. யக்கா, நமக்கு வேணாம்."

"தள்ளிக்கிட்டுப் போனா?"

"தள்ளிக்கிட்டுப் போறதுக்கு அது என்ன சாமி தேரா?"

பெரியம்மா மிளகாயை அள்ளிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. வீட்டைத் திருப்பி வை. கதவு முன்னாடி, பரண் பின்னாடி. மூக்கு வடக்க போனா கதவும் வடக்க பாக்கும்." கேட்ட உடனே எல்லாருக்கும் சரியென்று பட்டது. எனக்கும் பட்டது. பத்தாவது வரை படித்த பொண்ணு நான், எட்டாவது வரை படித்த மணிமாறன், எதுவும் படிக்காத காத்தமுத்து, மூன்று பேருக்கும் ஒரே மாதிரி பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

புதன்கிழமை ஏற்றினோம். டிரெய்லரை டிரம்களுக்கு நடுவில் ஆறு பேர் சேர்ந்து தள்ளினோம். பழைய லாரி டயரைப் பட்டை பட்டையாக வெட்டி இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் போட்டார் மணிமாறன், ஓடும்போது உரசக் கூடாதாம். மூக்கை டிராக்டரில் மாட்டிவிட்டு, ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். நாலு மூலையிலும் யு போல்ட், குறுக்கே ஒரு செயின். நான் முறுக்கிய போல்ட்டை மணிமாறன் மறுபடி முறுக்கினார். எல்லாம் முடிந்து சூடம் காட்டித் தேங்காய் உடைத்தோம்.

"புது வீடு மாதிரிதான். பால் காய்ச்சிருவோம்," என்று பெரியம்மா உள்ளே போனார்.

அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. காத்தமுத்துவுக்குத் தீவனம் எடுக்கப் போக வேண்டியிருந்தது. டிராக்டரைக் கழட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார், மணிமாறன் தலையாட்டினார். காத்தமுத்து மூக்கைப் பிடித்திருந்த பின்னை உருவினார்.

மூக்கு எழுந்தது. யாரும் தூக்கவில்லை. தானாகவே, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையன் கை தூக்குகிற மாதிரி, மெதுவாக, ஆனால் நிற்காமல் எழுந்தது. வால் தரையில் போய் உட்கார்ந்தது. கதவு வானத்தைப் பார்த்தது. உள்ளே பாத்திரங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தன, சத்தத்தை வைத்து எண்ணலாம்.

கடைசியில் அமைதியானது.

"மணிமாறா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யக்கா."

"வீடு உக்காந்துருச்சு."

"ஆமாக்கா."

"எந்திரிக்கச் சொல்லு."

நாலு பேர் மூக்கில் தொங்கி இறக்கினோம். பெரியம்மா வெளியே வந்தார். சேலையில் பால். அடி எதுவும் படவில்லை. கையில் பால் பாத்திரம், அதில் கால் பங்கு மிச்சம். "பொங்குச்சு. எல்லாரும் பாத்தீங்கள்ல," என்று சொல்லி, அந்தக் கால் பங்கை எல்லாருக்கும் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார்.

விசயம் என்னவென்றால், அடுப்பு, தண்ணித் தொட்டி, பீரோ எல்லாம் பரண் பக்கத்தில் இருந்தன. லாரியில் அது முன்பக்கம். திருப்பி வைத்ததில் அம்புட்டு பாரமும் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது. ரெண்டு சக்கர டிரெய்லருக்கு முன்னால் கொஞ்சம் பாரம் கூடுதலாக வேண்டும். மணிமாறன் கணக்கு இது: மூக்கை ரெண்டு பேர் முக்கித் தூக்கினால் எழும்ப வேண்டும். ஒருத்தரே தூக்கிவிட்டால் பாரம் பத்தாது. யாரும் தூக்காமல் எழும்பினால் அதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

"இப்படியே ரோட்டுல போனா வால் ஆட ஆரம்பிக்கும்க்கா. ஆடுனா டிராக்டரையும் சேத்துத் தூக்கிப் போட்டுரும்."

"முன்னாடி கல்லைக் கட்டுனா?"

"அச்சு தாங்காது. பரண் முன்னாடிதான் வரணும். தெக்கு வாசல்தான் வேற வழியில்ல."

பெரியம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை பட்டறை வாசலில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தார், பிரபு நம்பர் வரைக்கும் போனார், வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு ஜோக் சொன்னேன். ரெண்டும் நல்ல ஜோக். அவர் "ம்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் மணிமாறன் ஷட்டரைத் தூக்கும்போதே பெரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"பரண் முன்னாடியே வை. பின்னாடி கதவை அடைச்சிரு. வலப்பக்கம் புதுசா வாசல் வெட்டு. மூக்கு வடக்க நின்னா வலப்பக்கம் கிழக்க பாக்கும்."

மணிமாறன் என்னைப் பார்த்தார். நான் காத்தமுத்துவைப் பார்த்தேன். வலப்பக்கம் என்றால் பேர் எழுதிய சுவர்.

"இடப்பக்கம் வெட்டுவோம்க்கா. மேக்கு வாசல், குத்தமில்ல."

"இடப்பக்கம் அடுப்பு, தொட்டி, கேஸ் பைப்பு எல்லாம் இறுக்கிக் கெடக்கு. அதைக் கழட்டி மாத்த எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரம்."

"வலப்பக்கம்?"

"திருப்பி ஏத்தி முடிக்க ஞாயித்துக்கிழமை ஆயிரும்."

"வெட்டு."

மணிமாறன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரில் அளந்து கோடு போட்டார். பெரியம்மா பின்னால் நின்று பார்த்தார்.

"அப்பு, கோட்டை ஒரு சாண் தள்ளிப் போடு."

"ஏன்க்கா?"

"உம் பேரு வெட்டுப்படுது."

மணிமாறன் திரும்பவில்லை. "எது?"

"அந்தா. ரெண்டாயிரத்துப் பதிமூணு. பதினோரு மாங்கா."

"அது பழசுக்கா. படட்டுமே."

"முழுசா இருக்கட்டும். தள்ளிப் போடு."

தள்ளிப் போட்டார். எங்கள் பக்கத்தில் வெல்டிங்குக்கே பேர் போன மணிமாறன் அண்ணன், காது சிவக்க, ஒரு சாண் தள்ளி, ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. பெரியம்மா அவரிடம் ஒன்று மட்டும் சொன்னார். "வெட்டுன துண்டைத் தூரப் போட்டுராத. அதுலயே கீல் அடிச்சு மாட்டு. அதுதான் கதவு."

மிஷின் கத்த ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டார். குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். சோறு, குழம்பு, வெஞ்சனம் எல்லாம் காலையிலேயே முடிந்திருந்தது. எதற்கு உரிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. மிஷின் நிற்கிற வரைக்கும் உரித்தார், ஒன்றரைக் கிலோ இருக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் உரித்தேன். வெங்காயம் ரொம்பக் காரம்.

ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்று மணிமாறன் சொல்லிவிட்டார். பிரபு சொன்னது வெள்ளிக்கிழமை. பெரியம்மா பிரபுவுக்குப் போன் செய்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் மத்தியானம் பட்டறைக்குப் பின்னால் போய், நானே செய்தேன். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டால் என் குரல் ஆபீஸ் குரலாகிவிடும்.

"வணக்கம் சார், கேமரா கம்பெனியில இருந்து பேசுறோம். தோப்புக்குக் கேமரா விசாரிச்சிருந்தீங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமா, சொல்லுங்க."

"உங்க தோப்பு தென்னையா, மாவா சார்?"

"மா."

"மாவுக்கு இப்ப ஸ்டாக் இல்ல சார். தென்னை கேமராதான் இருக்கு. மாவுக்கு செவ்வாய்க்கிழமைதான் வரும்."

"மாமரத்துக்குன்னு தனிக் கேமராவா மேடம்?"

"ஆமா சார். இலை அடர்த்தி."

"ஓ. சரிங்க மேடம். அப்ப செவ்வாய் வரைக்கும் நான் எதுவும் பண்ணல. உங்க பேரு?"

"பாஸிலா சார்."

"நன்றி பாஸிலா மேடம்."

இது நான் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை. படித்தவரையே நம்ப வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வந்தது, போனது, பிரபுவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பெரியம்மாவும் அவரைப் பற்றிப் பேசவில்லை. பாவம், தன் பிழைப்பை யார் தூக்கி நிறுத்தியது என்று தெரியாமல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. கேட்காமலே தண்ணீர் எடுத்து வைத்தேன், கீலுக்கு எண்ணெய் விட்டேன், பரணைத் துடைத்தேன். பெரிய மனசு வந்துவிட்டால் வேலையெல்லாம் லேசாகத் தெரிகிறது.

ஞாயிறு சாயங்காலம் வீடு நேராக ஏறியது. பரண் மூக்குக்கு மேல் குடை மாதிரி நின்றது. மணிமாறனும் காத்தமுத்துவும் மூக்கைப் பிடித்து முக்கினார்கள். நெற்றி நரம்பு புடைத்த பிறகு ஒரு சாண் எழும்பியது. "கணக்கு," என்றார் மணிமாறன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். காத்தமுத்து ஓட்ட, நானும் பெரியம்மாவும் ஆளுக்கொரு மட்கார்டில். வீட்டுக்குள் உட்கார்ந்து வருகிறேன் என்று நான் சொன்னதற்கு, "ஓடுற வீட்டுக்குள்ள ஆள் இருக்கக் கூடாது" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். நாய்கள் ரெண்டும் பைபாஸ் வரைக்கும் வந்து வழியனுப்பின. பெரியம்மா வழி முழுக்கத் திரும்பியே உட்கார்ந்து வாலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வால் ஆடவில்லை. செம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினபோது ஒரு பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"எந்தக் கட்சி?"

"வீடு," என்றார் பெரியம்மா.

"சுயேச்சையா," என்று கேட்டுக்கொண்டு போனார்.

மூன்று மணி நேரத்தில் தோப்புக்குப் போய்விட்டோம். பாதையில் நுழையும்போது பெரியம்மா இறங்கி முன்னால் நடந்தார். சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நாலு விரல் இடைவெளி. அவர் வலது கையை மடக்கினால் காத்தமுத்து வலப்பக்கம் ஒடித்தார், விரித்தால் நேராக வந்தார். இருநூறு எட்டும் அப்படியே வந்தோம். கடைசி மரத்தடியில் நின்றது. கட்டைகளை முட்டுக் கொடுத்து, காத்தமுத்து பின்னில் கை வைத்தார். வைத்துவிட்டு பெரியம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பின் கழன்று வந்தது. மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

பெரியம்மா போய்க் கதவைத் திறந்தார். கிழக்கு வெயில் நேராக உள்ளே போய் அடுப்பில் விழுந்தது. கதவின் உள்பக்கம் முழுக்கப் பேர்கள், வெளியே பார்த்துக்கொண்டு.

பிரபு பைக்கில் வந்து இறங்கினார். வீட்டை ஒரு சுற்று வந்தார். கதவுப் பக்கத்தில் நின்று பேர்களைப் படித்தார், ஒரு இடத்தில் சிரித்தார். யார் பேர் என்று சொல்லவில்லை.

"யக்கா, தோப்பு உங்க பொறுப்பு. போன வருசம் மாதிரியே. காய் இறங்குற வரைக்கும் இருங்க."

"சரி தம்பி."

"கேமராவும் கேட்டுல ரெண்டு வரும். அது காய் களவு போனா படம் புடிக்கும், அம்புட்டுத்தான். மத்தது நீங்கதான்."

"வரட்டும் தம்பி. அதுக்கும் ஒரு டீ போட்டுருவோம்."

நான் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் என்னால்தான் நடந்தது என்பது தெரிந்த ஒரே ஆள் எப்படி அடக்கமாக நிற்பாரோ, அப்படி நின்றுகொண்டிருந்தேன்.

"கேமரான்னதும் ஞாபகம் வருது," என்று பிரபு போனை எடுத்தார். "ஒரு மேடம் செவ்வாய்க்கிழமைன்னாங்க. நாளைக்கு வருமான்னு கேட்டுருவோம்."

என் சட்டைப் பையில் போன் அடித்தது. கட் செய்தேன். பிரபு மறுபடி போட்டார். மறுபடி அடித்தது. பெரியம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"எடு புள்ள, யாரோ ரொம்ப நேரமா கூப்பிடுறாங்க," என்றார்.

"ராங் நம்பர் பெரியம்மா."

பிரபு தன் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். நம்பருக்கு மேலே பேர் இருந்தது: நம்ம புள்ள தர்ஷினி. தெரியாத நம்பருக்கெல்லாம் பேர் காட்டுகிற ஆப். அதைப் பெரியம்மா போனில் ஏற்றிக் கொடுத்தது நான்தான், லோன்காரர்கள் தொல்லை தாங்கவில்லை என்று. அவர் போனில் எனக்கு என்ன பேர் போட்டு வைத்திருக்கிறாரோ அதுவே ஊரான் போனிலும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இப்படி ஒரு பேர் இருப்பதும் அதுவரை தெரியாது.

"வியாழக்கிழமையும் இதே பேருதான் வந்துச்சு, பாஸிலா மேடம்," என்றார் பிரபு. "இலை அடர்த்தி வரைக்கும் கேட்டுட்டு, அக்காகூட வர்ற புள்ளதானேன்னு அக்காவுக்குப் போன் போட்டேன்."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

"ஆமா, கேட்டாரு. அன்னைக்கு மட்டும் ஸ்பீக்கர் போடல. எங்க புள்ளதான் தம்பி, நான் சொல்லிச் செய்யல, வாசல் வெட்டிக்கிட்டிருக்கோம், திங்கக்கெழமை வந்துருவேன்னு சொன்னேன். சரிக்கான்னாரு. அம்புட்டுத்தான்." அரிசிக் கழுநீரை மரத்தடியில் ஊற்றினார். "நாளாகும்னு அவருகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. நீ பண்ணுன கூத்துல அவரே கூப்பிட்டுட்டாரு."

"அப்ப நாலு நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நாலு நாளா கேக்காமலே தண்ணி எடுத்த. கீலுக்கு எண்ண விட்ட. பரணைக்கூடத் தொடச்ச. நல்லாப் போயிக்கிட்டிருக்கிறதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

 

உலையை அடுப்பில் ஏற்றிவிட்டு, காலிக் குடத்தை வாசலில் வைத்தார்.

"மோட்டார் ரூம்ல தண்ணி வருது. புடிச்சுட்டு வாங்க பாஸிலா மேடம்."